ஏழு வருடம் கழித்து வந்த ஒருவர்

கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்டில் பெயர் வராமல் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "கர்த்தருடைய வேளை வரும்டா, காத்திரு." சொல்வது சுலபம். சொல்பவன் கையில் பெரும்பாலும் ஆஃபர் லெட்டர் இருக்கும்!

அந்த வார்த்தையை வருடக்கணக்கில் வாழ்ந்து பார்த்தவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர், வங்காளத்தில் ஊழியம் செய்யக் கிளம்பினார். மனைவி டாரதிக்கு வர விருப்பமில்லை, நிறைமாத கர்ப்பிணி வேறு. ஆனால் கேரியும், கூட வந்த டாக்டர் ஜான் தாமஸும் முதலில் ஏறிய கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். பயணம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் குழந்தையும் பிறந்து, டாரதியும் மனம் மாறிச் சேர்ந்து கிளம்பினார். இந்தத் தாமதத்தை தேவனுடைய ஏற்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. டாரதியிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

1793 நவம்பரில் கல்கத்தா வந்தார்கள். கையிலிருந்த பணம் சீக்கிரமே கரைந்தது. கொஞ்ச நாள் சுந்தரவனப் பக்கம் குடிசை. பிறகு 1794-ல் மால்டா அருகே முட்னாபட்டியில், நீலச்சாயம் எடுக்கும் அவுரித் தொழிற்சாலையில் மேனேஜர் வேலை. ஊரிலிருந்து முதல் கடிதம் வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் 5 வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். டாரதியின் மனம் கலங்கியது, பிறகு தெளியவே இல்லை.

கேரி என்ன செய்தார்? பெங்காலி படித்தார். சாயத் தொட்டிக்கும் கூலிக் கணக்குக்கும் நடுவே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். ஊர் ஊராகப் பேசினார். ஞானஸ்நானம் பெற்ற இந்தியர் என்று காட்ட ஒருவர்கூட இல்லை. லாப நஷ்டக் கணக்கு எழுதியிருந்தால் எந்த ஆடிட்டரும் கடையை மூடச் சொல்லியிருப்பார்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. அதனால் 1800 ஜனவரியில் டேனிஷ்காரர்கள் வசமிருந்த செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அந்த நவம்பரில், கிருஷ்ண பால் என்ற தச்சர் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டது. தாமஸுக்கு ஆள் அனுப்பினார்கள். தாமஸ் அவரை மரத்தோடு கட்டி, மூட்டை இழுத்துச் சரிசெய்தார். பேச்சு அங்கே ஆரம்பித்தது. 1800 டிசம்பர் 28 அன்று கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். கூடவே கேரியின் மூத்த மகன் ஃபீலிக்ஸும். மேடைகளில் கதை இங்கேயே முடிந்துவிடும், கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆனால் அன்றைய நாளின் இன்னொரு பாதியை அதிகம் பேர் சொல்வதில்லை. 1783-ல் முதன்முதலாக வங்காளம் வந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்காக ஏங்கிய தாமஸ், அது வந்தபோது சந்தோஷம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டார். அவரை ஓர் இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். டாரதியும் தன் அறையில் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஆற்றங்கரையில் ஜெபம்.

கேரியின் விசுவாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியது இந்த இடத்தில்தான். ஏழு வருடம் காத்திருந்ததற்குப் பதில் வந்தது உண்மை. அது பட்ட நஷ்டத்தை ஈடுகட்டவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் கண்முன்னே இருந்தது. கேரி ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே மேஜையில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

1801-ல் பெங்காலி புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. அதே வருடம் தாமஸ் இறந்தார். கிருஷ்ண பால் 20 வருடத்துக்கு மேல் பிரசங்கம் செய்தார். டாரதி 1807 வரை அந்த வீட்டிலேயே இருந்தார், குணமாகாமலே. பக்கத்து அறையில் கேரி ப்ரூஃப் திருத்திக்கொண்டிருப்பார்.