வட்டமாய்ப் போட்ட நாற்காலிகள்

கணவன் குடிக்கிறான் என்று பங்குத்தந்தையிடம் முறையிட வரும் பெண் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறாள்: "சாமி, அவரக் கூப்பிட்டு ஒரு சத்தியம் வாங்குங்க." மாதா பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி, விவிலியத்தின்மீது கை வைக்கச் செய்து, ஆறு மாதம், ஓராண்டு என்று கெடு குறித்து வாங்கும் சத்தியங்களுக்கு நம் பங்குகளில் நீண்ட வரலாறு உண்டு. அவற்றை நான் இகழவில்லை. டப்ளின் நகரின் கூலித் தொழிலாளி மாத் தால்போட் 1884-இல் எடுத்த முதல் சபதம் மூன்று மாதங்களுக்கு மட்டுமே. பின்னர் அதுவே வாழ்நாள் சபதமாகி, 1925-இல் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. ஆனால் தால்போட்டுகள் அரியவர்கள். மற்றவர்களில் பலர் கெடு முடியும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம்.

என் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர், மூன்று பிள்ளைகளின் தந்தை, நான்கு சத்தியங்களை முறித்தபின் ஐந்தாவதற்கு வர மறுத்துவிட்டார். "கடவுள்கிட்ட இன்னும் எத்தன தடவ பொய் சொல்றது, சாமி?" என்றார். அக்கேள்வியின் நேர்மை அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. சத்தியம் கேட்பது மனவுறுதியை. அவரிடம் நோயுற்றுக் கிடந்ததோ அந்த மனவுறுதியே. பழக்கமும் மிதமிஞ்சிய பற்றும் ஒருவனது செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று குருமடத்தின் அறநெறி இறையியல் வகுப்பில் கற்றோம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதையே கூறுகிறது. பாடமாகக் கற்ற ஒன்று கரணையோடும் நடுங்கும் கையோடும் எதிரே வந்து நிற்கும்போது அதன் பொருள் வேறாகத்தான் இருக்கிறது.

முதலில் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாள்களில் வலிப்பும், அதையடுத்துப் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். வீட்டில் பூட்டி வைத்துத் திருத்துகிறோம் என்போர் இதை அறிவதில்லை. அங்கிருந்த மருத்துவரே, "வெளியே போனதும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்புங்கள்" என்றார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. தம் பெயரை வெளியிடாதவர்களின் கூட்டமைப்புக்குப் பெயர்ப்பலகையை எங்கே தேடுவது? நான்கு பேரிடம் விசாரித்தபின், எட்டுக் கல் தொலைவிலுள்ள ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறையில் ஞாயிறு மாலை கூடுகிறார்கள் என்று தெரிந்தது. அன்று யாரும் வரக்கூடிய திறந்த கூட்டம். "நீங்களும் வாங்க சாமி, தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றார் கொத்தனார்.

பதினான்கு நாற்காலிகள் வட்டமாய்ப் போடப்பட்டிருந்தன. மேடை இல்லை, எனக்கென்று தனி நாற்காலியும் இல்லை. (பங்குத்தந்தையர் இத்தகைய அறைகளில் அவ்வப்போது அமர்வது நல்லது.) ஒரு நிமிட மௌனத்துக்குப்பின் ஒருவர் எழுந்தார். வழக்கறிஞர் என்பது அவர் பேசியதிலிருந்து தெரிந்தது. பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். மகளின் திருமணத்தன்று தாம் விழுந்து கிடந்த இடத்தைச் சொன்னார். யாரும் அறிவுரை கூறவில்லை, அனுதாபமும் காட்டவில்லை. அடுத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். அவருக்குப்பின் ஓய்வுபெற்ற ஆசிரியர். எவரும் "இனிக் குடிக்கமாட்டேன்" என்று சொல்லாதது என்னை வியப்பில் ஆழ்த்தியது. "இன்று குடிக்கவில்லை" என்றே சொன்னார்கள். கெடுவே இல்லாத சபதம். அல்லது கெடு ஒரே நாள்.

இறுதியில் காணிக்கைப் பை போன்ற ஒன்று சுற்றி வந்தது. நானும் ஏதேனும் இடலாமா என்று கேட்டேன். "உறுப்பினர்கள்கிட்ட மட்டுந்தான் வாங்குவோம், ஃபாதர்" என்று சிரித்தபடி பையை நகர்த்திவிட்டார்கள். வெளியாரின் நன்கொடையை ஏற்பதில்லை என்பது அவர்களது மரபு. கட்டட நிதிக்காக அலையும் எனக்கு அது நல்ல மறையுரை.

இவ்வியக்கம் தோன்றிய விதமும் குருக்கள் அறியத்தக்கது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழில் முயற்சியில் தோற்று, குடிக்கும் ஆவல் மேலிட நின்ற பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன் ஊர்த் திருப்பணியாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஆறுதல் கேட்கவில்லை; தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைக் காட்டுங்கள் என்றே கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐ இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1939-இல் அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் குடிநோயாளிகளுக்குக் கதவு திறந்தவர் அருட்சகோதரி இக்னேசியா. மறுஆண்டு வில்சனைத் தேடிச் சென்ற இயேசு சபைக் குரு எட்வர்டு டௌலிங், இவர்களது பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தவர். ஐந்தாம் படியில், தன் குற்றங்களை இறைவனிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அது ஒப்புரவு அருட்சாதனம் ஆகாது. பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் அங்கில்லை. ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூட இத்தனை மறைப்பின்மையை நான் அடிக்கடி கேட்பதில்லை.

நான்காம் மாதத்தில் கொத்தனார் மீண்டும் குடித்தார். இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடமும் வரவில்லை. ஞாயிறன்று நேரே அந்த வகுப்பறைக்குப் போயிருக்கிறார். தேநீர் கொடுத்து, அவர் முன்பு உட்கார்ந்த நாற்காலியையே காட்டினார்களாம். அன்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற கூட்டமும் உண்டு என்று அவர் மனைவியிடம் சொன்னேன். "குடிக்கிறவருக்குத்தானே நோய், எனக்கென்ன?" என்றார். அடுத்த ஞாயிறு கணவரோடு அதே பேருந்தில் ஏறினார். ஐந்தாம் வகுப்பு அறையில் ஆறு பெண்கள் இருந்தார்களாம்.