இரண்டு நிமிஷப் பயம்

பயத்துக்கும் இலக்கணம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது பேய், மிருகம், திருடன், அப்புறம் நம் மேல் அதிகாரம் உடையவர்கள். உலகத்து மர்மப் படங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாலும் இந்த நாலு கூடைக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த விஷயத்தை யோசிக்க வைத்தவன் என் தமக்கையின் பிள்ளை. கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறான். நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு 'த்ரில்லர்' படத்தின் ஆரம்பத்தை எடுத்துவர வேண்டும் என்று அவர்கள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. பெயர் எழுத்துக்களும் அதற்குள்ளேயே வந்துவிட வேண்டும். மீதிப் படத்தை எடுக்க வேண்டியதில்லை. கட்டப் போகாத வீட்டுக்கு வாசற்கால் மட்டும் நிறுத்துகிற வேலை. இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்து மேல் வகுப்புகளிலேயே இப்படி ஒரு பயிற்சி பல வருஷம் இருந்தது. நல்ல பயிற்சிதான். கதை எழுதுகிறவனுக்கும் முதல் பாராதானே உயிரை வாங்குகிறது!

"மாமா, த்ரில்லர்னா என்னென்ன இருக்கணும்னு லிஸ்ட் போட்டுட்டோம். நீங்க ஒரு தடவை பாருங்க" என்று காகிதத்தை நீட்டினான்.

இரவு. மழை (தோட்டத்துக் குழாயிலிருந்து). அணைந்து அணைந்து எரியும் தெருவிளக்கு. தனியாக நடந்து வரும் பெண். பின்னால் காலடிச் சத்தம். தலையை மூடிய அங்கியில் முகம் தெரியாத ஒருவன். கத்தி. அலறல். இருட்டு. படத்தின் பெயர்.

"எல்லாரும் எடுக்கிறதுதான், இல்லையா மாமா?" என்றான், நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு.

"எல்லாரும் எடுக்கிறதனாலே கெட்டுப் போச்சு என்று யார் சொன்னது?" என்றேன்.

நம் சங்கப் புலவர்களிடம் போய், "ஏன் ஐயா, பாலை என்றால் எப்போதும் நண்பகல்தானா? முல்லை என்றால் மாலைப் பொழுதுதானா? குறிஞ்சிக்கு நடுச்சாமம்தானா? புதிதாக ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். படிக்கிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் இடையில் முன்கூட்டியே ஒரு உடன்படிக்கை இருக்கிறது. 'மாலை' என்று சொன்ன மாத்திரத்தில் அவன் காத்திருக்கத் தயாராகிவிடுகிறான். அதனால்தான் அவர்களால் நாலைந்து அடிக்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் பயமுறுத்த வேண்டியவனுக்கும் இருட்டும் மழையும் அப்படிப்பட்ட முதற்பொருள், கருப்பொருள்கள். அவற்றை வெறுத்து ஒதுக்கினால் இரண்டு நிமிஷமும் இடத்தை விளக்குவதிலேயே போய்விடும்.

ஆனால் உடன்படிக்கை வேறு, பண்டம் வேறு. பையனை உட்கார வைத்து மூன்று படங்களின் ஆரம்பத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன். இப்போதுதான் எல்லாம் கையகலச் செல்போனில் வருகிறதே!

முதலாவது, 1954-இல் எஸ். பாலசந்தர் ஏ.வி.எம்.முக்காக எடுத்த 'அந்த நாள்'. பாட்டில்லாத தமிழ்ப் படம். எடுத்த எடுப்பில் ஒரு குண்டு. சிவாஜி கணேசன் விழுகிறார். கதாநாயகன் கடைசி வரை பிழைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் டிக்கெட் வாங்கியவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். வழக்கத்தை உடைப்பதற்கும் வழக்கம் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இரண்டாவது, 1958-இல் ஆர்ஸன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்'. மெக்ஸிகோ எல்லையில் ஓர் ஊர். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. அதை ஒரு காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு ஓடுகிறான் ஒருவன். காரில் ஒரு ஆணும் பெண்ணும் ஏறிக்கொள்கிறார்கள். அங்கிருந்து காமிரா மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கூடவே போகிறது. கார் நிற்கிறது, ஆட்டு மந்தை குறுக்கே வருகிறது, புதுத் தம்பதி இருவர் பக்கத்தில் நடந்து போகிறார்கள். குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கடைகளின் வாத்தியச் சத்தம் கேட்கும் சாதாரணத் தெருவே வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாவது இன்னும் பழசு. 1931-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்'. பள்ளிக்கூடம் விட்டு வரவேண்டிய மகளுக்காகத் தாய் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாடிப்படியில் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். படிகள் காலியாக இருக்கின்றன. தட்டு அப்படியே இருக்கிறது. புதரிலிருந்து குழந்தையின் பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பியில் சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

"கொலையைக் காட்டவே இல்லையே மாமா" என்றான் பையன்.

"அதைத்தான் உன் லிஸ்டிலே சேர்த்துக்கோ" என்றேன்.

மறுநாள் அவன் கோஷ்டி முழுவதும் வீட்டுக்கு வந்தது. மூன்று பையன்கள், ஒரு பெண். நடந்து வரும் பெண்ணாக நடிக்க வேண்டியவள் அவள்தான். காகிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

"நான் நடிக்கலை சார்" என்றாள்.

"ஏம்மா?"

"இது எனக்கு நடக்கிறதுதான். ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம் நடக்கணும். மாசத்துலே ரெண்டு மூணு தடவை யாராவது பின்னாடி வருவாங்க. மழையும் இருக்காது, மியூஸிக்கும் இருக்காது. நான் கத்தவும் மாட்டேன்."

"பின்னே என்ன செய்வே?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அப்பாகிட்டே பேசுற மாதிரி போனைக் காதுலே வெச்சுக்குவேன். சாவியை விரலுக்கு நடுவுலே பிடிச்சுக்குவேன். வீடு வந்தாலும் உள்ளே போக மாட்டேன். தாண்டிப் போயிடுவேன். எது என் வீடுன்னு அவனுக்குத் தெரியக் கூடாது இல்லே?"

அறையில் யாரும் பேசவில்லை. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு வருஷமாகக் கூட இருந்தவர்கள் இவர்கள்.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைப் பிரித்துச் சொல்லி, இரண்டும் இசைந்ததே புலவர்களின் நெறி என்கிறார். பையன்களிடம் நாடக வழக்கு நிறைய இருந்தது. உலகியல் வழக்கு அவர்களுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது தெரிந்த பிறகு அவர்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை. கத்தியை அடித்தார்கள். மழையை அடித்தார்கள். இரவையும் காலடிச் சத்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணே காட்சியைச் சொல்லிக்கொண்டு போனாள், நடிக்கவும் சம்மதித்தாள்.

அவர்கள் எடுத்தது இதுதான். ஒரு சமையலறை. தாய் தோசைக் கல்லை அடுப்பில் வைக்கிறாள். சுவரில் அவளும் மகளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம். ஜன்னல் வழியே வாசல் விளக்கும் நீலக் கேட்டும் தெரிகின்றன. அப்புறம் தெரு. படத்தில் கண்ட அந்தப் பெண் காதில் போனுடன் வருகிறாள். போன் திரையில் வெளிச்சம் இல்லை. பின்னால் செருப்புச் சத்தம். பூட்ஸ் அல்ல, சாதாரண ரப்பர்ச் செருப்பு. நீலக் கேட் நெருங்குகிறது. தாயின் நிழல் ஜன்னலில் அசைகிறது. பெண் கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறாள். செருப்புச் சத்தமும் தாண்டிப் போகிறது. கல்லில் தோசை கருகுகிறது. படத்தின் பெயர்.

வகுப்பில் போட்டுக் காட்டினார்களாம். முடிந்ததும், "தன் வீட்டை ஏன் தாண்டிப் போறா? குழப்பமா இருக்கே" என்று பையன்களில் நாலைந்து பேர் கேட்டார்களாம். பெண்களில் ஒருத்தியும் கேட்கவில்லையாம். ஒரே படம், ஒரே இருட்டு அறை. பாதிப் பேருக்கு அது புதிர், பாதிப் பேருக்குத் தினசரி.

நாம் சலித்துப் போய் 'அரைத்த மாவு' என்று தள்ளுகிற இந்த வழக்கங்கள் எல்லாம் யாரோ மெய்யாகவே பயந்ததிலிருந்து பிறந்தவைதாம். பலர் கை பட்டுப் பட்டு, நாணயத்தின் தலை போல, முகம் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவே. தேய்ந்த நாணயத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த முகம் யாருடையது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி கேட்ட பையன்களுக்கு அந்தப் பெண் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லையாம். "இன்னொரு தடவை பாருங்க" என்று முதலிலிருந்து போட்டுவிட்டாளாம்.