மிச்சம் பிடித்த மண்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான். ஆனால், போன வருஷம் ஒரு நர்சரியில் செம்பருத்தி வாங்கியபோது, பூவை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

மாடிக்கு வந்த செம்பருத்தி ஒரு நாளும் உருப்படியாக இல்லை. மத்தியானம் தலை தொங்கும். சாயங்காலம் நிமிரும். இலை வெளுத்தது. தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன். நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தது.

நான் படித்தது பி.காம். செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு எல்லாம் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! தொட்டி மண்ணை அப்படியே அம்மாவின் கனகாம்பரத் தொட்டியில் கொட்டினேன். செலவு மிச்சம்.

அந்தக் கனகாம்பரம் சாதாரணச் செடி இல்லை. ஊர் வீட்டை விற்றபோது, அம்மா ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குச்சி. இரண்டே மாதத்தில் அதுவும் மத்தியானத்தில் தலையைத் தொங்கப் போட்டது.

"ஏண்டா, வெயில் ஒத்துக்கலையா? நம்ம ஊர்ல இதைவிட வெயிலாச்சே" என்றார் அம்மா.

தொட்டியோடு வேறொரு நர்சரிக்குத் தூக்கிப் போனேன். அங்கிருந்த பெரியவர் செடியைக் கவிழ்த்து வேரை உதறினார். வேர் முழுக்க மணி மணியாக வீக்கம்.

"நூற்புழு சார். கடலை வேர்ல முடிச்சைக் கிள்ளினா தனியா வந்துடும். இது வராது, வேரே வீங்கினது."

புழு என்றால் நெளியும் என்று தேடாதீர்கள். வேருக்குள் நுழையும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் சூட்டில் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை ரெடி. கூட்டு வட்டியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! இங்கிலாந்தில் வெள்ளரி வேரில் இதை 1855-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிய இத்தனை நாள் ஆனது.

"மருந்து இல்லையா?" என்றேன்.

முன்பெல்லாம் ஃபோரேட் குருணையைத் தூவுவார்களாம். 2020 முடிவோடு அதற்கு இந்தியாவில் தடை வந்துவிட்டது. எதைப் போட்டாலும் வீங்கிய வேர் பழையபடி ஆகாது. வராமல் காப்பதுதான் வழி. பெரியவர் கோடை உச்சத்தில் மண்ணை நனைத்து, நிறமில்லாத பாலிதீன் ஷீட்டால் இறுக்க மூடி, 4 முதல் 6 வாரம் வெயிலில் வேகவிடுகிறார். கறுப்பு ஷீட்டில் அந்தச் சூடு ஏறாது. பிறகு வேப்பம் புண்ணாக்கு கலக்கிறார். பைகளைத் தரையில் வைப்பதே இல்லை. ஓட்டை வழியே வேர் தரைக்குள் இறங்கினால் முடிந்தது கதை.

"புழு வேர்லதான் சார். மேல இருக்கிற தண்டை வெட்டிப் புது மண்ணுல வைங்க" என்றார்.

நுனிக் கிளையில் நாலு குச்சி வெட்டி வைத்தோம். இரண்டு துளிர்த்திருக்கிறது. பழைய வேரையும் மண்ணையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். மக்கும் குழியில் போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து!

ஒரு சிக்கல் பாக்கி. நடுவில், அதே தொட்டியில் வேர்விட்ட கன்று ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவுக்கு மண்ணோடு கொடுத்திருக்கிறேன். அதை அவர் தன் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். அம்மாவைப் போய்ச் சொல்லச் சொன்னேன்.

"நீயே போய்ச் சொல்லு. செடிதான் என்னுது, மண்ணு உன்னுது."