ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் இரவில் பாட்டு

மெக்ஸிகோ நாட்டின் மேற்கே, ஹாலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது சப்பாலா ஏரி. அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி இதுதான். பரப்பளவு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். பரப்பு பெரிது, ஆழம் குறைவு. இதன் வடகரையில் அஹிஹிக் என்றொரு சிற்றூர். மீன் பிடித்தும் மக்காச்சோளம் விதைத்தும் பிழைத்த ஊர். இன்று அமெரிக்கா, கனடா நாடுகளிலிருந்து பணி ஓய்வு பெற்று வந்து குடியேறியவர்கள் இங்கே ஏராளம். 2020-ம் ஆண்டு அரசின் ‘மாய ஊர்கள்’ என்ற சுற்றுலாப் பட்டியலில் இந்த ஊரும் இடம்பிடித்தது.

வெயில் தாழ்ந்ததும் ஊர் மக்கள் ஏரிக்கரை நடைபாதைக்கும் தேவாலயத்தை ஒட்டிய சதுக்கத்துக்கும் வந்துவிடுகிறார்கள். தள்ளுவண்டியில் வெந்த மக்காச்சோளக் கதிருக்கு எலுமிச்சைச் சாறும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்கள். உணவகங்களில் கித்தார் இசை தொடங்குகிறது. வந்து குடியேறிய முதியவர்களுக்கு இரவு ஒன்பது மணியே நடுநிசி. அவர்களுக்காகவே பல இடங்களில் கச்சேரி மாலையிலேயே தொடங்கிவிடும். 1965-ல் தொடங்கிய ஆங்கில நாடகக் குழு ஒன்றும் ஏரிக்கரையில் இன்றுவரை நாடகம் போட்டு வருகிறது. உள்ளூர்க்காரர்களின் இரவு அதற்குப் பிறகுதான் களைகட்டும்.

ஹாலிஸ்கோவின் பெருமை மரியாச்சி இசை. வயலின், கித்தார், பெரிய வயிறு கொண்ட அடிநாதக் கித்தார், எக்காளம் எல்லாம் சேர்ந்த குழு இசை. இது பண்ணைகளிலும் கிராமத் திருவிழாக்களிலும் வளர்ந்தது. பாடகர்கள் அணியும் வெள்ளிப் பொத்தான் வைத்த உடையும் குதிரையேறி மாடு மேய்த்தவர்களின் உடைதான். 2011-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலைச்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. பக்கத்து ஊரான சப்பாலாவின் கரையோர உணவகங்களில் இந்தக் கலைஞர்கள் மேசை மேசையாகப் போய், ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பாடுகிறார்கள். கூட்டம் வந்தால் அன்றைக்குக் கூலி. வராவிட்டால் வெறுங்கைதான்.

காசு கொடுக்காமல் எல்லோரும் கேட்கும் இசை, நவம்பர் 22 முதல் 30 வரை நடக்கும் புனித அந்திரேயா திருவிழாவில் உண்டு. அவர் மீனவராக இருந்தவர். ஒன்பது நாள் செலவையும் தொழில்வாரியாக மக்களே பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் கொத்தனார்கள், இன்னொரு நாள் மீனவர்கள், மற்றொரு நாள் தோட்ட வேலைக்காரர்கள். நம் ஊர் மண்டகப்படி மாதிரிதான். இரவில் பித்தளை வாத்தியங்கள் முழங்க, நாணல் தட்டையால் கட்டிய உயரமான கோபுரத்தில் வாணவேடிக்கை நடக்கும்.

இத்தனைக்கும் அடித்தளம் ஏரித் தண்ணீர். ஏரிக்கு முக்கிய வரத்து, சுமார் 700 கிலோமீட்டர் ஓடிவரும் லெர்மா ஆறு. வழியெங்கும் அணைகள், கால்வாய்கள், நகரங்கள், தொழிற்சாலைகள். சப்பாலா கடைமடை. குவாதலஹாரா பெருநகரத்தின் குடிநீரும் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. மழை பொய்த்தபோதெல்லாம் முதல் அடி ஏரிக்குத்தான். 1955-ல் நீர்மட்டம் அபாயமாகச் சரிந்தது. 2002-ல் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கரையோர உணவகங்களின் முன்னே தண்ணீர் இருந்த இடம் புல்வெளியானது. அங்கே மாடுகள் மேய்ந்தன. படகுத்துறை தரையில் நின்றது. தண்ணீரைப் பார்க்க வரும் கூட்டத்தை நம்பிய படகோட்டிக்கும் பாட்டுக்காரருக்கும் அது பஞ்ச காலம்.

ஏரியைக் காப்பாற்ற, 1999 முதல் மேலணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. குவானஹுவாத்தோ மாநிலத் தலைமடை உழவர்களுக்கு வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் குறைந்தது, கோபமும் வந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமைக்கு மாறினார்கள். கோதுமைக்கு நான்கு தண்ணீர் கட்ட வேண்டிய இடத்தில் வாற்கோதுமைக்கு மூன்று போதும். விளைந்த தானியத்தை வாங்க பீர் ஆலைகளும் இருந்தன. 2003, 2004 ஆண்டுகளில் நல்ல மழை பெய்ய, ஏரி மீண்டது. 2004 இறுதியில் மத்திய அரசும் ஆற்றுப்படுகையின் ஐந்து மாநிலங்களும் நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மழையளவைப் பொறுத்து யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு அதில் இருக்கிறது.

ஏரிக்கரையில் பாட்டுக் கேட்பவருக்குத் தலைமடை உழவரின் முகம் தெரியாது. ஆனால், அவர் மிச்சம் பிடித்த ஒரு தண்ணீரிலும் அந்தப் பாட்டுக்காரரின் பிழைப்பு இருக்கிறது. அவர் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக நியாயமான விலையும் உறுதியான கொள்முதலும் கிடைத்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும். அடுத்து மழை பொய்க்கும் ஆண்டில் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.