ஹாப்கின்டனிலிருந்து பாயில்ஸ்டன் வரை

பாஸ்டன் மாரத்தானில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சாலை. அவர்களுக்குக் கைதட்டப் போகிறவர்களுக்கு அதை ஒட்டியே ஒரு ரயில் பாதை. ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை மாசசூசெட்ஸில் தேசபக்தர் தின விடுமுறை. அன்று ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் புறப்பட்டு, கிழக்கே 42.195 கிலோமீட்டர் ஓடி, நகர நடுவில் பாயில்ஸ்டன் தெருவில் முடிக்க வேண்டும். நண்பர்கள் ஓடும் ஆண்டுகளில் நாங்கள் சிலர் ரயிலில் ஏறியும் இறங்கியும் அவர்களை முந்திக்கொண்டே போவோம்.

ஹாப்கின்டனில் எங்களுக்கு வேலையில்லை. அங்கே எல்லோருக்கும் கால் துறுதுறுவென்றிருக்கும். போதாக்குறைக்குச் சாலையும் இறக்கம். அடக்கி ஓடுவதுதான் கஷ்டம். அடுத்த ஊரான ஆஷ்லண்டில்தான் 1897இல் முதல் ஓட்டம் தொடங்கியது. 1924இல் தொடக்கக்கோட்டை ஹாப்கின்டனுக்குத் தள்ளி வைத்தார்கள். ஃப்ரேமிங்ஹாமில் சாலையும் தண்டவாளமும் நெருங்கி வருகின்றன. 1907இல் இங்கே ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்து, பின்தங்கியவர்களை நிறுத்திவிட்டது. அதற்குள் கடந்துவிட்டவர்களில் ஒருவரான டாம் லாங்போட், கனடாவின் ஒனண்டாகா பழங்குடியைச் சேர்ந்தவர், அன்று முதலாவதாக வந்தார்.

நேட்டிக்கைத் தாண்டினால் வெல்லெஸ்லி. ஏறக்குறைய பாதித் தூரம். பெண்கள் கல்லூரி மாணவிகள் தடுப்புக் கம்பிகளில் சாய்ந்து கத்துகிற கத்தல், ஆட்கள் கண்ணில் படுவதற்கு வெகு முன்னாலேயே காதில் விழும். இதற்கு ‘அலறல் சுரங்கம்’ என்றே பெயர். முதல் ஓட்டத்தில், தங்களுக்குத் தெரிந்த ஹார்வர்டு மாணவர் ஒருவர் ஓடுகிறார் என்று கேள்விப்பட்டு அன்றைய மாணவிகள் சாலைக்கு வந்தார்களாம். இந்த ஓட்டத்தின் மிகப் பழைய வழக்கமே நண்பனுக்காக வந்து நிற்பதுதான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1966இல் பெண்கள் ஓட அனுமதி இல்லை. பாபி கிப் ஹாப்கின்டனில் புதர் மறைவில் காத்திருந்து, எண் அட்டை இல்லாமல் கூட்டத்தில் கலந்தார். பக்கத்தில் ஓடிய ஆண்கள் அவர் பெண் என்று தெரிந்துகொண்டு துணை நின்றார்கள். வெல்லெஸ்லி பெண்களோ அவரைக் கண்டதும் தொண்டை கிழியக் கத்தினார்கள். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள அமைப்பாளர்களுக்கு 1972 வரை ஆயிற்று. சாலையோரம் நின்றவர்கள் ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

நாங்கள் அதிக நேரம் நிற்பது நியூட்டனில். 26ஆவது கிலோமீட்டருக்கு மேல் நான்கு ஏற்றங்கள். கடைசி ஏற்றத்துக்கு ‘இதயம் நொறுக்கும் மேடு’ என்று பெயர். 1936இல் முந்திய ஆண்டு வென்ற ஜானி கெல்லி, இந்த ஏற்றங்களில் டார்சன் பிரவுனை எட்டிப் பிடித்து, போகிற போக்கில் அவர் தோளைத் தட்டினார். அதில் உசுப்பேறிய பிரவுன் மறுபடி முந்திச் சென்று வென்றார். மேட்டுக்கு அந்தப் பெயர் வந்தது கெல்லியின் இந்தத் தோல்வியால்தான். மேடு என்னவோ 27 மீட்டர் உயரம்தான். ஆனால் அது வருகிற இடம் 33ஆவது கிலோமீட்டர். காலையிலிருந்து இறங்கி இறங்கித் தொடைத் தசை நைந்திருக்கும். உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்திருக்கும். இங்கே நண்பர் நம்மைப் பார்ப்பார், ஆனால் சிரிக்க மாட்டார். ‘இதோ முடிஞ்சுது’ என்று சொல்லவே கூடாது. இன்னும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது. அது அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். குனிந்த தலை நிமிர்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

பிறகு பீக்கன் தெரு. நடுவில் பச்சைத் தட டிராம் ஓடுவதால் எங்களுக்கு வசதி. கென்மோரில் பெரிய சிட்கோ விளம்பரப் பலகை. ஃபென்வே மைதானத்தில் காலையிலேயே தொடங்கிய பேஸ்பால் ஆட்டம் முடிந்த கூட்டமும் அங்கே வந்து சேரும். ஹெர்ஃபோர்டு தெருவில் வலம், பாயில்ஸ்டனில் இடம். கண்ணெதிரே முடிவுக்கோடு.

2013 ஏப்ரல் 15 அன்று இந்தத் தெருவில் இரண்டு குண்டுகள் வெடித்தன. இறந்த மூவரும் ஓடியவர்கள் அல்ல. பார்க்க வந்து நடைபாதையில் நின்றவர்கள். ஒருவர் 29 வயதுப் பெண், ஒருவர் சீனாவிலிருந்து படிக்க வந்த மாணவி, ஒருவன் 8 வயதுச் சிறுவன். 260 பேருக்கு மேல் காயம். பலர் காலை இழந்தார்கள். கைதட்ட வந்தவர்களும் இந்த ஓட்டத்தின் ஆட்களே என்பதை ஊர் அன்று அழுதுகொண்டே உணர்ந்தது. அடுத்த ஏப்ரலில் அதே நடைபாதையில் முன்னைவிடப் பெரிய கூட்டம் நின்றது.

உங்கள் ஊரிலும் நண்பர் யாராவது மாரத்தான் ஓடினால், முடிவுக்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது. முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டி, ஆளில்லாத ஓர் இடமாகப் பாருங்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று முந்தின இரவே சொல்லிவையுங்கள். அவருக்குப் பின்னால் வருகிற முன்பின் தெரியாதவருக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு வாருங்கள்.