பங்காளி ஊர்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு கொலையிலிருந்து பிறந்தது. கொலை நடந்தது ஆக்ஸ்ஃபோர்டில். 1209-ல் அங்கே படித்துக்கொண்டிருந்த ஒருவன் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கொன்றுவிட்டு ஓடிப்போனான். ஆள் அகப்படாத ஆத்திரத்தில் ஊரார், அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்த மாணவர்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். மன்னர் ஜான் அப்போது போப்பாண்டவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். திருச்சபையின் பிள்ளைகளைத் தூக்கிலிடுவதற்கு அவரும் தலையாட்டிவிட்டார். வாத்தியார்களும் மாணவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். சிலர் ரெடிங் போனார்கள், சிலர் பாரிஸ். வேறு சிலர் கிழக்கே சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சந்தை ஊருக்குப் போனார்கள். 1214-ல் சமாதானமாகி ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி திறந்தது. சந்தை ஊருக்குப் போனவர்களில் ஒரு கூட்டம் மட்டும் திரும்பவே இல்லை.

பாகம் பிரிந்துபோன பங்காளிகள் என்று நினைத்துக்கொண்டால் இந்த இரண்டு ஊர்களின் எண்ணூறு ஆண்டுப் பொறாமை சட்டென்று பிடிபடுகிறது. பங்காளிக்குப் பங்காளி ஆகாது. ஆனால் மூன்றாவது ஆள் வரப்பில் கால் வைத்தால் இருவரும் சேர்ந்து கம்பெடுப்பார்கள்.

நான் ஆக்ஸ்ஃபோர்டில் இறங்கியது ஜூன் மாதம். ஹை ஸ்ட்ரீட்டில் தேர்வு மண்டபத்தின் வாசலில் கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையுமாக மாணவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு கார்னேஷன் பூ. முதல் தாள் எழுதுகிறவருக்கு வெள்ளை, இடைப்பட்ட தாள்களுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தாளுக்குச் சிவப்பு. யாருக்கு இன்னும் எத்தனை நாள் வதை என்பதைப் பூவைப் பார்த்தே ஊர் தெரிந்துகொள்ளும். சிவப்புப் பூக்காரி ஒருத்தி பின்பக்கத் தெருவில் வெளியே வந்ததும், காத்திருந்த சிநேகிதர்கள் வண்ணக் காகிதத் துணுக்குகளையும் சோப்பு நுரையையும் அவள் தலையில் கொட்டினார்கள். பல்கலைக்கழகம் இதைச் செய்யாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறதாம். கேட்பாரில்லை.

கார்ஃபாக்ஸ் என்ற நாற்சந்தியில் ஒரு வங்கியின் சுவரில், முன்பு அங்கே இருந்த சாராயக்கடையைப் பற்றிய குறிப்பைப் பதித்திருக்கிறார்கள். 1355 பிப்ரவரி 10 அன்று அந்தக் கடையில் ஒயின் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் கடைக்காரரின் முகத்தில் வீசியடித்தார்கள். கைகலப்பு கலவரமாகி 63 பேர் பல்கலைக்கழகப் பக்கம் மடிந்தார்கள். ஊர்ப் பக்கமும் பலர். அதற்குத் தண்டனையாக ஊர்த் தலைவர் ஆண்டுதோறும் ஆட்களோடு தேவாலயத்துக்கு நடந்துபோய், தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும் என்றானது. 1825 வரை வைத்தார்கள். படிக்கப் போன இடத்தில் இவ்வளவு பகையா என்று தோன்றும். எனக்கென்னவோ, இந்தப் பகையைத் தாங்கி நின்றதில்தான் இரண்டு இடங்களுக்கும் அந்த அசாத்தியத் திமிர் வந்ததென்று படுகிறது. ஊரைப் பணியவைத்த பிறகு நாட்டைப் பணியவைப்பது சிரமமில்லை.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு மூக்கு. பிரேஸ்னோஸ் கல்லூரியின் உணவுக்கூடத்தில், பேராசிரியர்கள் உட்காரும் மேசைக்கு மேலே, வெண்கலத்தில் வார்த்த ஒரு விலங்கு முகம் தொங்குகிறது. கல்லூரியின் பெயரில் இருக்கும் வெண்கல மூக்கு இதுதான். வாயில் வளையம். ஆதியில் அது கதவு தட்டும் குமிழ். 1333 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் மனம் கசந்த ஒரு கூட்டம் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊருக்குப் போய்த் தனியாகப் பாடம் நடத்தத் தொடங்கியபோது, அதையும் கையோடு கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். ஸ்டாம்ஃபோர்டு நிலைத்திருந்தால் மூன்றாவது பல்கலைக்கழகம் ஆகியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மன்னரிடம் ஓடியது. மூன்றாம் எட்வர்டு ஆளனுப்பி அதைக் கலைத்தார். கலைத்ததோடு விட்டார்களா? ஸ்டாம்ஃபோர்டில் பாடம் நடத்தமாட்டேன் என்று ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்குகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் சத்தியம் 1827 வரை இருந்தது! மூக்கு மட்டும் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு வீட்டுக் கதவிலேயே கிடந்தது. 1890-ல் அந்த வீடு விலைக்கு வந்தபோது, மூக்குக்காக வீட்டையே வாங்கியது கல்லூரி. அண்ணாந்து பார்த்தேன். வழவழவென்று தேய்ந்த, கொஞ்சம் அசட்டுத்தனமான முகம்.

இதற்கு முன்பே நார்த்தாம்ப்டனில் 1261-ல் ஒரு பல்கலைக்கழகம் முளைத்து, நாலே ஆண்டில் மன்னர் உத்தரவால் மூடப்பட்டிருந்தது. பின்னால் கிராம்வெல் ஆட்சியில் டர்ஹாமில் ஒன்று தொடங்கப் பார்த்தபோது, பட்டம் கொடுக்கும் உரிமை அதற்குக் கூடாதென்று ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மனுப் போட்டன. 1820-களில் லண்டனில் பல்கலைக்கழகம் வந்தபோதும் இரண்டும் முகம் சுளித்தன. ஸ்காட்லாந்தைப் பாருங்கள்: அந்தச் சிறிய நாட்டில் 1600-க்குள் செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்தீன், எடின்பரோ என்று நாலு ஊர்களில் பல்கலைக்கழகம் வந்தாயிற்று. இங்கிலாந்தில் ஆறு நூற்றாண்டுகளுக்கு இரண்டே இரண்டுதான். இவர்கள் கீர்த்தியில் பாதி படிப்பால் வந்தது என்றால், மீதிப் பாதி வேறு யாரையும் கடை போடவிடாததால் வந்தது.

நம்மவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு போனால் தவறாமல் பார்க்கும் இடம் ஜெரிகோ பகுதியில் உள்ள செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம். வால்டன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒடுங்கிய பாதையில் உள்ளே போனால், மரநிழலில் ஜி.யு. போப்பின் கல்லறை. 1884 முதல் இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறளை 1886-லும், எண்பது வயதில் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான்’ என்று பொறித்திருப்பதாக நம் மேடைகளில் முழங்குவார்கள். கல்லில் அப்படி ஒரு வரியும் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து எழுப்பியது என்ற செய்தி இருக்கிறது. மேடை முழக்கத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சுமார் 130 கிலோமீட்டர். நேர் ரயில் கிடையாது. இருந்த பாதையை 1967 முடிவில் மூடிவிட்டார்கள். இப்போதுதான் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தின் அறிவாளிகளெல்லாம் கூடும் இரண்டு ஊர்களுக்கு இடையே போக, லண்டன் பாடிங்டனில் இறங்கி, பாதாள ரயிலில் பெட்டியோடு முட்டிமோதி, கிங்ஸ் கிராஸில் வேறு ரயில் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூடிய அந்தப் பாதையில் நடுவழியில் இருந்ததுதான் பிளெட்ச்லி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைத்த இடம். இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் வந்துபோக வசதியான சந்திப்பு என்பது அந்த இடத்துக்கு இருந்த அனுகூலங்களில் ஒன்று. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆலன் டூரிங் அங்கேதான் வேலை பார்த்தார்.

கேம்பிரிட்ஜில் தேர்வு முடிந்து கொண்டாட்டம். ‘மே வாரம்’ என்று ஜூன் மாதத்தில் கொண்டாடுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேம் நதியில் தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன் பின்பக்கத்து மேடைப் பலகைமேல் ஏறி நின்று, நீளமான கழியைச் செங்குத்தாக விட்டான். கழி அவன் உள்ளங்கைகளுக்குள் வழுக்கி இறங்கி சேற்றைத் தொட்டதும் ஒரு தள்ளு. பிறகு கழியை அப்படியே பின்னால் இழையவிட்டுச் சுக்கானாக்கிக்கொண்டான். ஆக்ஸ்ஃபோர்டில் எதிர்முனையில், படகுக்கு உள்ளேயே சரிவில் நின்று ஓட்டுகிறார்களே என்றேன். “அது அவர்கள் முறை. விழுந்துவிடுவோமோ என்ற பயம்” என்றான் பையன், முகத்தில் சிரிப்பே இல்லாமல். படகின் எந்த முனையில் நிற்பது என்பதிலும் பங்காளிக்கு மாறாகத்தான் நிற்க வேண்டும்!

நதியிலிருந்து பார்த்தால் ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம் தெரிகிறது. கேம்பிரிட்ஜ்காரர்கள் பெருமையோடு காட்டும் இந்தக் கட்டடத்தை வடிவமைத்த கிறிஸ்டோஃபர் ரென், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து அங்கேயே வானியல் பேராசிரியராக இருந்தவர். பகலில் சிறிது நேரமே வெளியாரை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நியூட்டன் தன் சொந்தப் பிரதியில், அச்சிட்ட வரிகளை அடித்து ஓரத்தில் மையால் திருத்தியிருந்த ‘பிரின்கிப்பியா’. இதே நூலகத்தில்தான் 1976-ல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், ராமானுஜன் கடைசிக் காலத்தில் கும்பகோணத்திலும் சென்னையிலுமாக எழுதிய உதிரித் தாள்களைப் பெட்டிக் குவியலில் கண்டெடுத்தார். 1917-ல் ராமானுஜனை ஃபெல்லோவாக ஏற்க மறுத்த கல்லூரி இது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை எடுத்துக்கொண்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தானும் எடுத்துக்கொண்டது. கௌரவம் என்பதும் பல சமயம் இப்படி அடுத்த வீட்டைப் பார்த்துத்தான் நடக்கிறது. ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்ப, அதை ஒட்டி, அவரை வரவழைத்த ஹார்டியும் கேம்பிரிட்ஜ் மேல் கசந்து ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டார். 1931-ல் திரும்பி வந்தார்.

மதச் சண்டைக் காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்த லாட்டிமர், ரிட்லி, கிரான்மர் என்ற மூன்று பிஷப்புகளை 1555-லும் 1556-லும் ஆக்ஸ்ஃபோர்டில்தான் உயிரோடு எரித்தார்கள். பிராட் ஸ்ட்ரீட்டில் அந்த இடத்தில் கல்லால் சிலுவை பதித்திருக்கிறது. நாங்கள் படிக்கவைத்தோம், அவர்கள் எரித்தார்கள் என்பது கேம்பிரிட்ஜின் பழைய கிண்டல். உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்ல்ஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தலைநகராக்கிக்கொண்டார். அவரைத் தோற்கடித்த கிராம்வெல் கேம்பிரிட்ஜ்காரர். அவருடைய தலை ஊர் ஊராகக் கைமாறி, 1960-ல் அவர் படித்த சிட்னி சசெக்ஸ் கல்லூரிக்குத் திரும்பி வந்தது. கோயிலருகே எங்கோ புதைத்திருக்கிறார்கள். சரியான இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

பெண்கள் விஷயத்தில் யார் பெரியவர் என்று கேட்டால் இருவரும் தலை குனிய வேண்டும். 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, கேம்பிரிட்ஜ் ஆண்பிள்ளைகள் செனட் ஹவுசுக்கு எதிரே, சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டுக் கூச்சலிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல் இணங்கியது, கேம்பிரிட்ஜ் 1948-ல். அறிவியலில் அத்தனை முந்திய ஊர் இதில் 28 வருஷம் பிந்தியது.

இனி கணக்கு வழக்கு. பிரதமர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு 31, கேம்பிரிட்ஜுக்கு 14. 1937-ல் பதவி விலகிய பால்ட்வினுக்குப் பிறகு கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. நோபலில் கதை தலைகீழ். ட்ரினிட்டி என்ற ஒரே கல்லூரிக்கு முப்பதுக்கு மேல். ஹாரோ பள்ளியில் கூடப் படித்த இருவர் ஆளுக்கொரு பக்கம் போய் 1829-ல் தொடங்கிய படகுப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் முன்னால் நிற்கிறது. 1877-ல் சரிசமம் என்று தீர்ப்பானது. 1912-ல் இரண்டு படகுமே தேம்ஸில் மூழ்கின. தரவரிசைப் பட்டியல்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும். அதில் நேரம் செலவழிக்க நான் தயாரில்லை.

திரும்பும் வழியில் லண்டனின் ஹாரோவில் யாழ்ப்பாண நண்பர் வீட்டில் தங்கினேன். மகள் பன்னிரண்டாம் ஆண்டு. அக்டோபரில் விண்ணப்பம் போட வேண்டும்.

“அண்ணை, நீங்கள் ரெண்டு இடமும் பாத்திட்டு வாறியள். எது பெரிசெண்டு இவளுக்குச் சொல்லுங்கோ” என்றார் நண்பரின் மனைவி, புட்டை எடுத்து வைத்தபடி.

“ரெண்டுக்கும் போடேலாது மாமா” என்றாள் பெண். “அஞ்சு இடத்துக்குப் போடலாம். ஆனா அந்த அஞ்சில ஒண்டு ஒக்ஸ்போட், இல்லாட்டிக் கேம்பிரிட்ஜ். ஒரே வருசத்தில ரெண்டும் ஏலாது.”

உண்மைதான். இரண்டு இடத்திலும் இடம் கிடைத்து ஒன்றைத் தள்ளும் மாணவர்களை எண்ணினால் எது உசத்தி என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கே இந்த விதி இடம் வைக்கவில்லை. பங்காளிகள் கெட்டிக்காரர்கள்.

“பிரதமராக வேணுமெண்டால் அது, நோபல் எடுக்க வேணுமெண்டால் இது” என்று சிரித்தார் நண்பர்.

“எனக்கு ரெண்டும் வேண்டாம் அப்பா. இம்பீரியலில இஞ்சினியரிங். வீட்டில இருந்தே போய் வரலாம்” என்றாள் அவள். ஒரு தரவரிசைப் பட்டியலில் இம்பீரியல் இப்போது இரண்டு பேரையும் தாண்டி உலகத்தில் இரண்டாவதாக நிற்பதையும் போனில் எடுத்துக் காட்டினாள். 1907-ல் லண்டனில் வந்த கல்லூரி.

நண்பர் தலையாட்டிவிட்டார். அம்மாதான் விடவில்லை. “ஊரில அம்மம்மாவிட்டப் போய் இம்பீரியல் எண்டா ஆருக்கடி விளங்கும்?” என்றார்.