பெடல் ரப்பர்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியிருந்தது. அப்பா பென்சன் காசில் 1994ஆம் ஆண்டு பென்ஸ் ஒன்றை வாங்கிக் கலியாண ஹயருக்கு விடுவம் எண்டார். நாங்கள் மூண்டு பேரும் கூடப் போனோம்.

மீற்றரில் 80,000 கிலோமீற்றர். பிரேக் பெடல் ரப்பரோ வழுவழுவெண்டு தேய்ஞ்சிருந்தது. பொனற்றில் கை வைத்தோம், சூடு. நாங்கள் வரமுதலே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறின எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணேக்கைதான் வருத்தம் தெரியும். கார்பெற்றைத் தூக்கினால் துரு.

அப்பா பின் சீற்றில் ஏறி இருந்து கதவை மெல்லச் சாத்தினார். வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கு உடனே வாய் வரேல்லை.

பஸ்ஸில் திரும்பி வரேக்கை கேட்டார்: “கதவுச் சத்தம் நல்லாத்தானே இருந்தது?”

நாங்கள் பெடல் ரப்பரைப் பற்றிச் சொன்னோம்.